மாமாவோட ரெக்கார்டு பெட்டியும் என்னோட சிடி அலமாரியும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மாமா வீட்டுப் பரண்லேர்ந்து ரெண்டு தகரப்பெட்டிய இறக்கினோம். இறக்குனது நானும் மாமா பையனும்தான், மாமா கீழ கட்டில்ல உக்காந்துக்கிட்டு "பாத்துடா மாப்ள, கால்ல போட்டா கால் போயிரும்"னு சொல்லிட்டே இருந்தாரு. சும்மா சொல்லல, ஒரு எல்பி, அதாங்க பெரிய சைஸ் ரெக்கார்டு, கவரோட கிட்டத்தட்ட இருநூறு கிராம் இருக்கும், நூறு எல்பி அடுக்கினா இருபது கிலோ, அதுக்கு மேல பெட்டி வெயிட்டு. இதை சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு மேலூர் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் இருபத்தஞ்சு வருஷம் அலைஞ்சவரு அவரு. மைக் செட் வச்சிருந்தாரு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும்.

நான் ஒரு டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்தான்) வாங்கியிருந்தேன், அதுக்குப் போடத்தான் அந்தப் பெட்டி. வாங்குன விலைய மாமாகிட்ட பாதியா குறைச்சு சொன்னேன். அந்தப் பாதிக்கே அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே! "டேய், இந்தக் கருமத்த விட்டுத் தொலையணும்னுதானே நான் கேசட்டுக்கும் சிடிக்கும் மாறுனேன், நீ காசு குடுத்து மறுபடி அதுக்கே போறியா"ன்னாரு.

எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். ரெக்கார்டோட வாழ்ந்தவருக்கு ரெக்கார்டு மேல பாசம் இருக்கும்னு நான் பாட்டுக்கு நினைச்சு வச்சிருந்தேன். ஒரு துளி கிடையாது. வெயில்ல வச்சா அப்பளம் மாதிரி வளைஞ்சிரும், பந்தல்ல எவனாவது தடுக்கி விழுந்தா ஊசி குதிக்கும், ஊசி தேஞ்சா மதுரைக்கு பஸ் ஏறணும், மழை வந்தா ஆம்ப்ளிஃபயரைக் காப்பாத்துறதா ரெக்கார்டைக் காப்பாத்துறதான்னு தெரியாது. அதைவிட ஜெனரேட்டர் கதைதான் எனக்குப் பிடிச்சுது. கரண்ட் இல்லாத ஊர்ல ஜெனரேட்டர்ல பாட்டு ஓடிட்டு இருக்கும், பந்திக்கு லைட்டெல்லாம் ஒண்ணா போட்டாங்கன்னா ஜெனரேட்டர் ஒரு நொடி மூச்சு வாங்கும், பாட்டும் கூடவே இறங்கும், பாடுறவரு திடீர்னு தூக்கத்துல பாடுற மாதிரி ஆயிருவாரு, அப்புறம் மெதுவா எந்திரிச்சு பழைய சுருதிக்கு வருவாரு. அந்தக் கால பிளேயர் மோட்டார் கரண்டோட ஃப்ரீக்வென்சியப் பாத்து சுத்துற ஜாதி. ஜெனரேட்டர் கூட வேண்டாம், தென்னிந்தியால மெயின் கரண்டே 50 ஹெர்ட்ஸ்ல நிக்காம 48.5 கிட்ட ஓடுன காலம் ஒண்ணு இருந்துச்சு. கணக்குப் போட்டா மூணு சதவீதம் கம்மி, கிட்டத்தட்ட அரைக் கட்டைல பாதி. அதாவது ஒரு தலைமுறையே சினிமாப் பாட்டை கொஞ்சம் சுருதி இறங்கியே கேட்டிருக்கு, யாருக்கும் தெரியல, யாருக்கும் கவலையும் இல்ல. சிடி பிளேயர்ல இந்தத் தொல்லையே கிடையாது, உள்ள ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும், வீட்டு கரண்ட் எப்படி ஆடுனாலும் அது ஆடாது.

சரி, பெட்டிக்கு வர்றேன். திறந்தா மேலாக்க எல்பி, அதுக்குக் கீழ சின்ன சைஸ் 45 ஈபி கட்டுக்கட்டா, அடியில நாலஞ்சு 78 (இந்த நம்பரெல்லாம் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிறது). அந்த 78 பிளாஸ்டிக்கே இல்ல, அரக்கு. பாண்டவங்களை வச்சு எரிக்கப் பாத்தாங்களே மாளிகை, அதே அரக்குதான். உலகம் பூரா ரெக்கார்டு போட்டப்போ அதுக்கான அரக்குல பெரும் பங்கு நம்ம நாட்டுக் காட்டு மரத்துலேர்ந்துதான் போச்சு. கீழ விழுந்தா ஓடு மாதிரி உடையும், அதுல ரெண்டு ஏற்கனவே ரெண்டு துண்டு. கொலம்பியாக்காரங்க 1948-ல வினைல்ங்கிற பிளாஸ்டிக்ல 33⅓ எல்பிய கொண்டுவந்துட்டாங்க, அடுத்த வருஷமே ஆர்சிஏ 45-ஐக் கொண்டுவந்துருச்சு, ஆனா இந்தியால அறுபதுகள்ல கூட 78 வந்துட்டுதான் இருந்துச்சு, வீட்டுல சாவி குடுக்குற பொட்டி இருக்குறவன் எங்க போவான்.

எல்லா ரெக்கார்டு லேபிள்லயும் வெள்ளை பெயிண்ட்ல மாமாவோட இனிஷியல். ஒரே விசேஷத்துக்கு ரெண்டு செட்டு வந்தா ரெக்கார்டு கலந்துரும், அதுக்காக. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

டர்ன்டேபிளை முதல்ல மாட்டுனப்போ நான் பண்ண கூத்தை சொல்லிடறேன், புதுசா வாங்குறவங்களுக்கு உதவும். அதோட வயரை நேரா ஆம்ப்ளிஃபயரோட ஆக்ஸ்ல சொருகிட்டேன். கொசு பாடுற மாதிரி ஒரு சத்தம். பேஸே இல்ல. பிளேயர் போச்சுன்னு நினைச்சேன். விஷயம் என்னன்னா, ரெக்கார்டு வெட்டும்போதே பேஸை அமுக்கி, ட்ரெபிளைத் தூக்கி வெட்டுவாங்க. பேஸை உள்ளபடியே வெட்டுனா குழி அகலமா வளைஞ்சு பக்கத்துக் குழில போய் இடிச்சிரும், ஒரு பக்கத்துக்கு நாலு பாட்டு கூட நிக்காது. ட்ரெபிளைத் தூக்கி வெட்டுனா, திரும்ப இறக்கும்போது ஊசியோட கரகரப்பும் சேர்ந்து இறங்கும். 1954-லேர்ந்து இதுக்கு ஆர்ஐஏஏ கர்வ்னு ஒரு பொதுக் கணக்கு. பிளே பண்ணும்போது ஃபோனோ ஸ்டேஜ்னு ஒரு சின்ன டப்பா அதை அப்படியே தலைகீழா திருப்பும், ஊசிலேர்ந்து வர்ற துக்குனூண்டு சிக்னலையும் பெருசாக்கும். அது இல்லாம கேட்டா கொசுதான். மாமா காலத்து பிளேயர்ல ஊசி மாட்டுற கார்ட்ரிட்ஜ் செராமிக் ஜாதி, அதுக்கு இந்த டப்பா தேவைப்படல, ஆனா ஊசி அழுத்தம் பயங்கரம். இப்ப என்னோடது ரெண்டு கிராமுக்குள்ள. அது அஞ்சு, ஆறுன்னு உழும். நிஜமாவே உழவுதான், நிறைய ரெக்கார்டுல குழி வெளுத்துப் போயிருக்கு, கண்ணாலயே தெரியுது.

சரி, எது நல்லா இருக்கு? இந்தக் கேள்விய எங்க ஆஃபீஸ்ல போட்டா உடனே "வினைல்தான் பாஸ், வார்ம்த்"ம்பாங்க. சிடி ரொம்ப வறட்சி, கோல்டு, உயிரே இல்லம்பாங்க. சரி நீங்க எந்த சிடிய கேட்டீங்கன்னு திருப்பிக் கேட்டா அங்கதான் சிக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க எல்பிலேர்ந்து சிடிக்குத் தாவவே இல்ல. எண்பதும் தொண்ணூறும் பூரா கேசட்டு. சிடி பிளேயர் சாதா வீட்டுக்குள்ள வந்தது ரெண்டாயிரம் வாக்குல, அதுவும் படம் பாக்குற விசிடி பிளேயரா வந்துச்சு. கூட பிளாட்ஃபார்ம்ல ஒரே சிடில நூத்தம்பது பாட்டுன்னு வித்தானே எம்பி3 சிடி, அதுதான் நம்ம ஊருக்கு சிடி! உண்மையான ஆடியோ சிடில ஒரு செகண்டுக்கு 1,411 கிலோபிட் டேட்டா. அந்த நூத்தம்பது பாட்டு சிடில பல பாட்டு 128. பதினொண்ணுல ஒரு பங்கு. மீதி பத்துப் பங்கை எடுத்துட்டுக் குடுத்ததைக் கேட்டுட்டு சிடில உயிரில்லன்னா சிடி என்ன பண்ணும் பாவம்.

சிடி வந்த கதையே தனி. ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து பண்ணது, 1982 ஆகஸ்ட்ல ஜெர்மனில ஹானோவர் பக்கத்துல லாங்கன்ஹாகன் ஃபேக்டரில அச்சு அடிச்சாங்க, அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பான்ல சோனி சிடிபி-101 கடைக்கு வந்துச்சு, விலை 1,68,000 யென். 12 சென்டிமீட்டர் தட்டுல 74 நிமிஷம். செகண்டுக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து 16 பிட் எண்ணா எழுதி வைக்குது. மனுசன் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும் (என் வயசுக்கு 14,000 தாண்டுனா சந்தோஷம்), அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல அளந்தா போதும்ங்கிறது கணக்கு. படிக்கட்டு மாதிரி சத்தம் வரும், நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கும்னு வாட்ஸாப்ல படம் போட்டு அனுப்புவாங்க, அது தப்பு. அந்தப் புள்ளிய எல்லாம் திரும்ப சேர்த்து வழுவழுன்னு அலையாத்தான் வெளிய விடும். சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். வினைல்ல 70 கிடைச்சாலே பெரிய விஷயம்.

எனக்கு சிடில ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. ரெக்கார்டு வெளி ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள போகும், சிடி உள்ள ஆரம்பிச்சு வெளிய வரும். இதுல என்ன இருக்குன்னு தோணும். ரெக்கார்டு ஒரே வேகத்துல சுத்துது, அதனால வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில செகண்டுக்கு அரை மீட்டர் குழி ஓடுது, லேபிள் கிட்ட வரும்போது இருபது சென்டிமீட்டர்தான் ஓடுது. அதே பாட்டை பாதிக்கும் கம்மியான இடத்துல நெருக்கி எழுதணும். அதான் ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசிப் பாட்டுல 'ஸ' 'ஷ' வந்தா எச்சில் தெறிக்கிற மாதிரி இருக்கும். சிடி அப்படி இல்ல, உள்ள இருக்கும்போது நிமிஷத்துக்கு 500 சுத்து, வெளிய போகப் போக 200-க்கு இறங்கும், லேசருக்கு நேரா ஓடுற தூரம் எப்பவும் ஒரே அளவு. கடைசிப் பாட்டுக்கும் முதல் பாட்டுக்கும் ஒரே மரியாதை.

மாமா போன மாசம் கண் ஆஸ்பத்திரி வேலையா எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினாரு. ஞாயித்துக்கிழமை அவரை சோஃபால உக்கார வச்சு ரெண்டையும் போட்டுக் காமிச்சேன். முதல்ல எண்பதுகள்ல வந்த ஒரு சினிமா எல்பி, அவர் பெட்டில அதிகம் தேயாத ஒண்ணு. ஊசிய வச்சேன். முதல் இன்டர்லூட்லயே கைய தூக்கி நிறுத்தச் சொன்னாரு.

"இதுல பேஸ் கிடார் வருதா?"

"எப்பவும் வர்றதுதான மாமா."

"நான் கேட்டதே இல்லடா."

எனக்கு ஒரு நிமிஷம் புரியல, அப்புறம் புரிஞ்சுது. அவருகிட்ட இருந்தது குழாய் ஸ்பீக்கர். தென்னமரத்துல கட்டுவாங்களே, அதுல குரல் மூணு ஊருக்குக் கேக்கும், பேஸ் மருந்துக்கும் வராது. இருபத்தஞ்சு வருஷம் ஆயிரம் தடவை போட்ட பாட்டுல பேஸ் இருந்ததே மனுசனுக்குத் தெரியாது. திரும்ப முதல்லேர்ந்து போடச் சொன்னாரு. மூணு தடவை போட்டோம். காலைக் கூட ஆட்டல, தலைய சாய்ச்சு கதவு வழியா வேற யாரோ பேசுறதைக் கேக்குற மாதிரி கேட்டாரு. வினைலா சிடியான்னு நான் மல்லுக்கட்டிட்டு இருக்க, ரெண்டைவிட பெரிய வித்தியாசம் ஸ்பீக்கர்தான்னு என் சோஃபாலயே உக்காந்து நிரூபிச்சுட்டாரு.

அடுத்து அதே பாட்டோட சிடி. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு கம்பெனி போட்டது, பேர் வேண்டாம். டிஜிட்டல் ரீமாஸ்டர்னு அட்டைல பெருசா இருக்கும். போட்டதும் சத்தம் எகிறுச்சு, நான் வால்யூமைக் குறைச்சேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு மாமா சொன்னது, "எல்லாரும் ஒண்ணா கத்துறானுங்க." ரொம்ப சரி. பல்லவில பாடுறவரு மெதுவா ஆரம்பிச்சு சரணத்துல ஏறணும், சிடில ஆரம்பத்துலயே ஏறிட்டாரு. வயலின் கூட்டம், தபேலா, குரல், எல்லாம் ஒரே உயரம். இதுக்கும் மேல ஒரு கொடுமை, டேப் இரைச்சல் போகணும்னு ஃபில்டர் போட்டு உறிஞ்சியிருக்காங்க, இரைச்சலோட சேர்ந்து புல்லாங்குழல் முடிஞ்சப்புறம் வர்ற எதிரொலி வாலும் போயிருச்சு. நோட்டு முடிஞ்ச இடத்துல கதவைச் சாத்துன மாதிரி டப்புனு நிக்குது. நான் அந்தப் பாட்டை கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல திறந்து பாத்திருக்கேன், அலையே இல்ல, செங்கல் அடுக்குன மாதிரி ஒரு நீளச் சுவர்.

இதுக்கு வெளிநாட்டுல லவுட்னஸ் வார்னு பேரு, தொண்ணூறுகள்ல முத்திப் போச்சு, ஒருத்தர் சிடி சத்தமா இருந்தா பக்கத்து கம்பெனிக்காரன் இன்னும் சத்தமா போடணும்னு மல்லுக்கு நின்னது. மாமாவுக்கு நான் விளக்கவே வேண்டியதில்ல. "கோயில் கொடைல நான் வடக்கத் தெருவுல கட்டியிருப்பேன், சிங்கம்புணரிக்காரன் தெக்கத் தெருவுல கட்டியிருப்பான், அவன் ஒரு புள்ளி ஏத்துனா நான் ரெண்டு புள்ளி ஏத்துவேன். கடைசில ரெண்டு பேர் பாட்டும் எவனுக்கும் புரியாது. காலைல ஆம்ப்ளிஃபயர் கொதிச்சுப்போய் கிடக்கும்." எல்பில அந்த அளவு போக முடியாது, சத்தத்தை ஏத்துனா குழி அகலமாகும், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷப் பாட்டு பத்து பன்னெண்டுன்னு சுருங்கும், வெட்டுற தலையும் சூடாகும். ரெக்கார்டோட பலவீனமே கடிவாளமா இருந்துச்சு. சிடில எந்தக் கடிவாளமும் கிடையாது. குறைச்சும் எழுதலாம், உச்சத்துலயே கடைசி வரைக்கும் உக்காரவும் செய்யலாம். உக்காந்துட்டாங்க.

அப்ப எல்பிதான் ஜெயிச்சுதான்னு கேட்டா, இந்தப் பாட்டுல ஆமா. ஆனா நான் அதோட விடல. என்கிட்ட தொண்ணூறு வாக்குல வெளிநாட்டுல அச்சடிச்ச சினிமா சிடி ஒண்ணு இருக்கு, பழைய புத்தகக் கடைல அகப்பட்டது. சத்தம் கம்மியா இருக்கும், வால்யூமை நல்லா திருகணும். திருகுனா, அடேயப்பா. அதே காலத்துப் பாட்டுதான், யாரும் கை வைக்காம அப்படியே மாத்தியிருக்காங்க, இரைச்சல் லேசா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். அதோட எல்பியும் பெட்டில இருந்துச்சு, போட்டுப் பாத்தோம், எல்பியால அந்த சிடி பக்கத்துல நிக்க முடியல. சும்மா சொல்லக்கூடாது.

அடுத்தது வீணைக் கச்சேரி. இங்க போட்டியே இல்ல. எல்பில தம்பூரா ஆடுது. நிஜமாவே ஆடுது, மேல கீழ, மேல கீழ, ஊஞ்சல் மாதிரி. எனக்கு முதல்ல பெல்ட் போயிருச்சோன்னு சந்தேகம். அப்புறம் குனிஞ்சு பக்கவாட்டுல பாத்தா, ஊசிக்கை ஒவ்வொரு சுத்துக்கும் லேசா உள்ள போய் வெளிய வருது. நடு ஓட்டைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி அடிச்சிருக்காங்க. ஒரு மில்லிமீட்டர் தள்ளுனா தட்டோட நடுவாந்திரத்துல சுருதி ஒரு சதவீதம் மேலயும் ஒரு சதவீதம் கீழயும் போகும், 1.8 செகண்டுக்கு ஒரு தடவை. சினிமாப் பாட்டுல இது தெரியாது, இத்தனை சத்தத்துல எங்க தெரியும். தம்பூராவுக்கு ஆடாம நிக்குறது மட்டும்தானே வேலை, அங்க அப்பட்டமா மாட்டிக்கும். சிடில அதே மாதிரி கச்சேரி போட்டேன், தம்பூரா கல்லு மாதிரி நிக்குது, தந்திய மீட்டி விட்டப்புறம் அந்த நாதம் கரைஞ்சு கரைஞ்சு ஒண்ணுமில்லாம போற வரைக்கும் கேக்குது, எல்பில அந்தக் கடைசிப் பாதிய கரகரப்பு தின்னுரும். மாமாவுக்கு கர்னாடக சங்கீதத்துல ஆர்வமில்ல, அதுக்குள்ள கண்ணை மூடிட்டாரு.

இப்ப அமெரிக்காவுல 2022-ல 4.1 கோடி வினைல் வித்துருக்கு, சிடி 3.3 கோடி, எண்ணிக்கைல வினைல் முந்துனது 1987-க்கு அப்புறம் அதான் முதல் தடவை. இங்கயும் பழைய படங்களோட எல்பிய புதுசா அச்சடிச்சு நாலாயிரம் அஞ்சாயிரம்னு விக்கிறாங்க. வாங்குறவங்க வாங்குங்க, அட்டை பெருசா அழகா இருக்கும். ஆனா புது எல்பில பெரும்பாலானது டிஜிட்டல் ஃபைல்லேர்ந்து வெட்டுனதுதான். அந்தச் செங்கல் சுவர் ஃபைலையே எடுத்து வெட்டியிருந்தா உங்க கைல இருக்கறது செங்கலோட வினைல் பதிப்பு. சிடியோ யாரும் சீண்டாம கிடக்குது, பழைய கடைல ஐம்பது ரூபாய்க்கும் கிடைக்குது, எனக்கு வசதி.

சிடி வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பளபளன்னு இருக்க பக்கத்தைப் பொத்திப் பொத்தி வச்சுக்கிட்டு, பேர் எழுதியிருக்க பக்கத்தை டேபிள்ல தேய்ப்பாங்க. தப்பு. அலுமினியம் அந்தப் பேர் பக்கத்துக்குத்தான் கிட்ட இருக்கு, மேல மெல்லிசா ஒரு வார்னிஷ் மட்டும்தான். பளபளப் பக்கத்துல ஒரு மில்லிமீட்டருக்கு மேல பிளாஸ்டிக் காவல் இருக்கு, அதுல சின்னக் கீறல் விழுந்தா பிளேயரே கணக்குப் போட்டு சரிபண்ணிக்கும், ரெண்டு மில்லிமீட்டருக்கு டேட்டா இல்லாம போனாலும் உங்களுக்குத் தெரியாது. துடைக்கும்போது வட்டமா துடைக்காதீங்க, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா இழுங்க. பேர் பக்கத்துல பால்பென்னால அழுத்தி எழுதவே எழுதாதீங்க. இதை மாமாகிட்ட சொன்னப்போ, "அப்ப கல்யாணத்துல கலந்துபோனா எவனுதுன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது"ன்னு கேட்டாரு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி அவரே பெட்டிய இழுத்து வச்சு ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தாரு. கண்ணுல சொட்டு மருந்து போட்டு லேபிள் படிக்க முடியாத நிலைமை, விரலால தடவிப் பாக்குறாரு, லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சு, குழி பளபளக்குற மாதிரியப் பாத்தே இது இன்ன பாட்டுன்னு சொல்றாரு, சத்தமான இடம் ஒரு மாதிரி மினுங்கும், மெதுவான இடம் கறுப்பா இருக்கும். ஒரு ரெக்கார்டுல கோணலா ஒரு பெரிய கீறல். "இது நத்தத்துல ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்துனாங்க, அவசரத்துல கைய அப்படியே இழுத்துட்டேன்"னாரு. எங்க வீட்டுல அந்தப் பாட்டு எப்ப போட்டாலும் 'டக் டக்'னு வரும், சின்ன வயசுல அதுவும் பாட்டோட தாளம்னுதான் நினைச்சிருந்தேன்.

ஒரு ஈபிய எடுத்தவரு நிறுத்திட்டாரு. லேபிள்ல வெள்ளை பெயிண்ட் இல்ல. பச்சை.

"இது என்னுது இல்லடா. சிங்கம்புணரிக்காரனுது. கொடைல கலந்துருக்கு."

"எந்தக் கொடை மாமா?"

"எண்பத்தி மூணோ நாலோ."

"அவர் இன்னும் இருக்காரா?"

"இருக்கான், இருக்கான். போன வருஷம் ஒரு எழவு வீட்டுல பாத்தேன். பேசிக்கல."

காலைல தினத்தந்திய நாலா மடிச்சு அந்த ஈபிய சுத்தி, சட்டைக்கும் வேட்டிக்கும் நடுவுல வளையாம இருக்கணும்னு ஒரு அட்டைய வச்சு, பைல வச்சுக்கிட்டாரு. மாட்டுத்தாவணில இறங்கி மேலூர் பஸ் ஏறுறீங்களான்னு கேட்டேன், இல்ல, நேரா சிங்கம்புணரின்னாரு.